சுண்டெலி நுரையீரலில் காலனி பூஜ்யம்: சிகிச்சைக் காலம் குறைகிறது என்று எழுதலாமா?

முல்லைக்கொடி:

வணக்கம். காசநோய்க்கான ஒரு கூட்டு மருந்துமுறையைச் சுண்டெலியில் சோதிக்க வரைவு தயாராகிறது. விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன் இங்கே காட்டிக் கருத்துக் கேட்கலாம் என்று பதிகிறேன்.

வரைவு இதுதான். பால்ப்/சி என்ற ஆய்வக வகைப் பெண் சுண்டெலி, எச்37ஆர்வி என்ற ஆய்வகக் காசநோய்க் கிருமி, காற்றுவழித் தொற்று. மறுநாள் நுரையீரலில் சுமார் 4 லாக் (பத்தின் 4ஆம் அடுக்கு, அதாவது 10,000) கிருமி இருக்க வேண்டும். 14ஆம் நாள் சிகிச்சை தொடங்கும்போது 7 லாக் தாண்டியிருக்கும். ஒரு குழுவுக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு. இன்னொரு குழுவுக்குப் பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினசோலிட். வாரம் 5 நாள் கேவேஜ் (ஊசிக்குழாயால் நேராக இரைப்பைக்குள் மருந்து). 1 மாத முடிவிலும் 2 மாத முடிவிலும் குழுவுக்கு 5 எலி எடுத்து, நுரையீரலை 2 மி.லி.யில் அரைத்து, அதில் 0.1 மி.லி.யை 7எச்11 என்ற அகார் வளர்தட்டில் பரப்பி, 4 வாரம் கழித்து முளைத்த காலனிகளை (கண்ணுக்குத் தெரியும் கிருமித் திட்டுகளை) எண்ணுவது.

கேட்க நினைப்பவை: 2 மாதத்தில் இரண்டாம் குழுவின் தட்டுகள் எல்லாம் வெறுமையாக வந்தால், "சிகிச்சைக் காலத்தைக் குறைக்கிறது" என்று எழுதலாமா? பால்ப்/சி போதுமா, க்ராம்னிக் எலி என்று சொல்லப்படும் சி3எச்இபி/எஃப்இஜே வேண்டுமா, கினிப்பன்றிக்குப் போக வேண்டுமா? இதே வளாகத்தில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்கு மேல் போடும் ஊக்கத் தடுப்பூசி ஒன்றும் திட்டமிடப்படுகிறது. பிசிஜியைவிட 0.5 லாக் குறைந்தால் அதை எப்படிப் படிப்பது?

---

அகார்தட்டு:

எழுதக் கூடாதுங்க. அந்த வெறுந்தட்டுக்கு மூணு அர்த்தம் இருக்கலாம், மூணையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்கணும்.

முதல்ல கணக்கு. 2 மி.லி.யில 0.1 மி.லி. மட்டும் ஊத்தினா, நீங்க பார்க்கிறது நுரையீரல்ல இருபதுல ஒரு பங்கு. ஒரு காலனி வந்தா 20 கிருமின்னு அர்த்தம். ஒண்ணுமே வரலைன்னா பூஜ்யம்னு அர்த்தம் இல்லை. 60 கிருமி வரைக்கும் இருந்தும் தட்டுல படாம போயிருக்கலாம். 2 மாசத்துக்கு மேல எடுக்கிற எலிகளுக்கு அரைச்சது முழுசையும் ஊத்துங்க, 2 மி.லி.யை 5 தட்டுல 0.4 மி.லி. வீதம். ஈரம் அகார்ல இழுக்கிற வரைக்கும் தட்டைக் கவுக்காதீங்க. அப்புறம் பிளாஸ்டிக் பையில போட்டு மூடி 37 டிகிரியில வைங்க, இல்லைன்னா மூணாம் வாரத்துல அகார் சுருங்கி ஓரம் பிரிஞ்சுடும்.

ரெண்டாவது, இதுதான் உங்க மருந்துமுறைக்கு ரொம்ப முக்கியம்: மருந்து தட்டுக்கு வந்துசேர்றது. பெடாகுவிலின் திசுவுல வாரக்கணக்கா தங்கும். மனுஷ உடம்புலயே அதோட கடைசிக் கட்ட அரை ஆயுள் 5 மாசத்துக்கு மேல. நுரையீரலை அரைக்கும்போது உள்ள இருக்கிற மருந்தும் சேர்ந்து தட்டுக்கு வந்து, எலிக்குள்ள உயிரோட இருந்த கிருமியைத் தட்டுல வளரவிடாம தடுத்துடும். குளோஃபசமின்ங்கிற மருந்தும் இப்படித்தான். இது நடக்குதான்னு கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் இருக்கு. நீர்க்காத சாறுல 0 காலனி, பத்துல ஒண்ணா நீர்த்ததுல 3, நூறுல ஒண்ணா நீர்த்ததுல 5 அப்படின்னு எண்ணிக்கை தலைகீழா ஏறினா, மருந்து கூடவே வந்திருக்கு. நீர்க்க நீர்க்க மருந்தோட செறிவு குறைஞ்சு கிருமி தலைதூக்குது.

இதுக்கு 7எச்11ல 0.4 விழுக்காடு ஊக்கப்பட்ட கரித்தூள் சேர்க்கணும். கரி மருந்தை இழுத்துக்கும். அகார் ஊத்தும்போது கரி அடியில தங்கிடும், அதனால ஊத்துற ஒவ்வொரு தடவையும் குடுவையைச் சுழற்றிக்கிட்டே இருங்க. அப்படிச் செய்யலைன்னா முதல் பத்துத் தட்டு சாம்பல் நிறம், கடைசிப் பத்துத் தட்டு மை மாதிரி கறுப்புன்னு ஆகி, தட்டுக்குத் தட்டு எண்ணிக்கை மாறும். கரித்தட்டுல வளர்ச்சி மெதுவா இருக்கும், 4 வாரத்துல ஒருமுறை எண்ணிட்டு 6 வாரம் வரைக்கும் வைச்சுப் பாருங்க. பெடாகுவிலின் குழுவுக்கு மட்டும் கரித்தட்டு, மத்ததுக்குச் சாதாத் தட்டுன்னு பிரிக்காதீங்க. எல்லாக் குழுவுக்கும் ஒரே தட்டு. மற்ற மருந்துகளுக்குக் கடைசி வேளைக்கும் எலியை எடுக்கிறதுக்கும் நடுவுல 72 மணி நேரம் விட்டா போதும்; வெள்ளிக்கிழமை கடைசி வேளை, திங்கள்கிழமை அறுவைன்னு வைக்கிறது அதுக்குத்தான்.

மூணாவது அர்த்தம்: தட்டுல உண்மையாவே வளரக்கூடிய கிருமி இல்லை, ஆனா எலி குணமாகலை. இதை 1950கள்லயே அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிட்டாங்க. ஐசோனியாசிட்டும் பைராசினமைடும் 12 வாரம் கொடுத்தா எலியோட திசுவுல எதுவும் வளரலை. மருந்தை நிறுத்தி 3 மாசம் விட்டா, மூணுல ஒரு பங்கு எலியில கிருமி திரும்ப வந்துச்சு. அதனால "காலத்தைக் குறைக்குது"ன்னு எழுதணும்னா நோய் திரும்புதான்னு பார்க்கிற சோதனையைத்தான் செய்யணும். மருந்தை நிறுத்தி 3 மாசம் சும்மா வைச்சிருந்து, அப்புறம் நுரையீரல் முழுசையும் தட்டுல ஊத்தணும். ஒரு காலனி வந்தாலும் அந்த எலிக்கு நோய் திரும்பிடுச்சுன்னு கணக்கு.

---

புள்ளிக்கணக்கு:

அகார்தட்டு சொன்னதோடு எண்ணிக்கையைச் சேர்க்கிறேன்.

குழுவுக்கு 5 எலி என்பது காலனி எண்ணிக்கைக்குத்தான் சரிவரும். எலிக்கு எலி விலகல் 0.3 லாக் என்று வைத்துக்கொண்டால், 0.5 லாக் வேறுபாட்டை 80 விழுக்காடு உறுதியோடு பிடிக்கக் குழுவுக்கு 7 எலி வேண்டும். 0.3 லாக் வேறுபாட்டைப் பிடிக்க 17 ஆகிவிடும். உங்களுடைய இரு குழுக்களுக்கும் 2 மாதத்தில் இடைவெளி பெரிதாக இருக்கும் என்பதால் 5 போதும்.

நோய் திரும்புகிறதா என்ற கேள்விக்கு விடை ஆம் அல்லது இல்லை. அதற்கு எலி அதிகம் தேவை. வழக்கமாக ஒரு குழுவில், ஒரு காலப்புள்ளிக்கு 15 எலி வைப்பார்கள். அந்த 15 எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்: ஒரு பக்கம் 15இல் 7, மறுபக்கம் 15இல் 1 என்றால் ஃபிஷர் சோதனையில் பி மதிப்பு 0.035 (0.05க்குக் கீழ் இருந்தால்தான் வேறுபாடு தற்செயல் அல்ல என்று ஏற்பார்கள்). அதுவே 6க்கு 1 என்றால் 0.08. ஒரே ஓர் எலியில் முடிவு கவிழ்ந்துவிடும். 15இல் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றாலும், உண்மையான விகிதம் 20 விழுக்காடு வரை இருக்க இடமுண்டு. "எல்லா எலியும் குணமாகின" என்று தலைப்பில் போடும் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

காலப்புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ரிஃபாம்பிசின் முறைக்கு இந்த மாதிரியில் ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அதற்கு 4, 5, 6 மாதம் வையுங்கள். இரண்டாம் குழுவுக்கு 2, 3, 4. இரண்டு குழுக்களும் 4ஆம் மாதத்தில் சந்திப்பதால் அங்கே நேரடி ஒப்பீடு கிடைக்கும். ஒரு குழுவில் எல்லாப் புள்ளியிலும் 15க்கு 15 திரும்பினாலும், எல்லாப் புள்ளியிலும் 15க்கு 0 வந்தாலும் அந்தக் குழுவின் எலிகள் வீண். எலி எண்ணிக்கையைச் சுருக்க வேண்டுமானால், ஒவ்வொரு புள்ளியிலும் எலியைக் குறைத்து, புள்ளிகளை 5 அல்லது 6 ஆக்கி, 95 விழுக்காடு எலிகள் குணமாக எத்தனை வாரம் தேவை என்று வளைகோடு பொருத்திக் கணிப்பது இன்னொரு வழி. என் பார்வையில் இதுதான் மேல், ஆனால் தொடங்கும் முன்பே கணிப்பு முறையை எழுதி வைத்துவிட வேண்டும்.

மொத்தம்: திரும்புதல் சோதனைக்கு 90, காலனி எண்ணிக்கைக்கு 20, மறுநாளைக்கு 5, 14ஆம் நாளுக்கு 5, மருந்தில்லாக் குழுவுக்கு 5. ஆக 125. கேவேஜ் இழப்புக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 138. காலம்: அரை மாதம் தொற்று, 6 மாதம் மருந்து, 3 மாதம் காத்திருப்பு, ஒன்றரை மாதம் தட்டு. 11 மாதம். மருந்தில்லாக் குழு 4 வாரத்தைத் தாண்டாது. அவை துன்பப்பட்டுச் சாகும் வரை விடாமல், எடை 20 விழுக்காடு இறங்கியதும் எடுத்துவிட வேண்டும் என்று வரைவிலேயே எழுதுங்கள்.

காற்றறையில் (கிருமியைக் காற்றில் செலுத்தித் தொற்ற வைக்கும் பெட்டியில்) 138 எலி ஒரே தடவையில் ஏறாது. ஒரு தடவைக்கு ஒரு குழு என்று ஏற்றினால் எல்லாம் கெட்டுவிடும். முதல் தடவை 4.1 லாக்கும் இரண்டாம் தடவை 3.6 லாக்கும் போனால், மருந்தின் வேறுபாடு எது, தொற்றின் வேறுபாடு எது என்று பிரிக்க வழியே இல்லை. தொற்று முடிந்த பிறகு, ஒவ்வொரு தடவையிலிருந்தும் எல்லாக் குழுவுக்கும் சீட்டுப் போட்டுப் பிரியுங்கள். மறுநாள் எடுக்கும் எலியும் தடவைக்கு 3 ஆவது இருக்கட்டும். இரண்டு தடவையானால் மேலே எழுதிய 5க்குப் பதில் 6. எண்ணுபவருக்குக் குழுவின் பெயர் தெரியக் கூடாது. சராசரியை லாக் எடுத்த பிறகு போடுங்கள். முதலில் கூட்டிவிட்டுப் பிறகு லாக் எடுத்தால், பெரிய எண்ணுள்ள ஓர் எலி மற்ற நாலையும் விழுங்கிவிடும்.

---

திசுவெட்டு:

எந்த எலி என்ற கேள்விக்கு வருகிறேன்.

பால்ப்/சியின் நுரையீரலைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், செல்கள் குவிந்த திட்டுகள் தெரியும். கிருமி பெரும்பாலும் மேக்ரோஃபேஜ் என்ற, கிருமியை விழுங்கும் செல்லுக்குள் இருக்கும். மனித நோயாளியின் கிரானுலோமாவை (கிருமியைச் சுற்றி உடல் கட்டும் செல் முடிச்சை) வெட்டினால் நடுவே தயிர்க்கட்டி போல வெளுத்து, செல்லே இல்லாமல், கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும் கேசியம் இருக்கும். இரத்தக் குழாய் அங்கே போகாது. மருந்து ஓரத்திலிருந்து ஊறித்தான் உள்ளே சேர வேண்டும். பால்ப்/சியில் அந்தக் கேசியமே கிடையாது. அங்கே மருந்து ஊறுமா என்ற கேள்விக்கு அந்த எலி பதில் சொல்லாது.

மோக்ஸிஃப்ளாக்சசின் இதற்கு நல்ல பாடம். 2004இல் ஐசோனியாசிட்டுக்குப் பதில் அதைச் சேர்த்த முறை, சாதாரணச் சுண்டெலியில் 6 மாதச் சிகிச்சையை 4 மாதமாக்கியது. 2014இல் வெளிவந்த ரீமாக்ஸ் டிபி என்ற மனிதச் சோதனையில் 4 மாத முறை 6 மாத முறைக்கு ஈடாகவில்லை. சளியில் கிருமி சீக்கிரம் மறைந்தது, ஆனால் நோய் திரும்பியவர்கள் அதிகம். சென்னை ஆய்வாளர்கள் நடத்தி 2013இல் வெளியான 4 மாத, வாரம் மும்முறை ஆய்விலும் இதே கதைதான். பிறகு அறுவை சிகிச்சையில் அகற்றிய நோயாளிகளின் நுரையீரல் துண்டுகளில் மருந்து எங்கே நிற்கிறது என்று நிறமாலை முறையில் படமெடுத்தபோது, மோக்ஸிஃப்ளாக்சசின் கேசியத்தைச் சுற்றிய செல்களில் நிறையச் சேர்ந்தும் உள்ளே குறைவாகவே போவது தெரிந்தது. ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் உள்ளே போகின்றன. 2021இல் மோக்ஸிஃப்ளாக்சசினை ரிஃபாபென்டின் என்ற மருந்தோடு சேர்த்த 4 மாத முறை மனிதரில் வென்றது. ஆக, சுண்டெலி பொய் சொல்லவில்லை. அதனிடம் இல்லாத ஒன்றைப் பற்றி அதைக் கேட்டோம்.

க்ராம்னிக் எலியில் கேசியம் உண்டு. ஆனால் அது வேறு தொல்லை தரும். ஒரே கூண்டில், ஒரே நாள் தொற்றிய எலிகளில் மூன்று வகைப் புண் வரும். முதல் வகை நடுவில் கேசியம் உள்ள, நார்ச்சுவர் கட்டிய கிரானுலோமா. இரண்டாம் வகை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நிறைந்து காட்டுத்தீ போலப் பரவுவது. இந்த எலிகள் சில வாரத்தில் இறந்துவிடும். மூன்றாம் வகை பால்ப்/சி மாதிரியே. இதனால் ஒரே குழுவில் ஓர் எலிக்கு 5 லாக், இன்னோர் எலிக்கு 8 லாக் என்று சிதறும். புள்ளிக்கணக்கு சொன்ன 0.3 விலகல் இங்கே செல்லாது; குழு பெரிதாக வேண்டும். தொற்றைக் குறைந்த அளவில் கொடுத்து, சிகிச்சையை 6 முதல் 8 வாரம் கழித்துத் தொடங்குங்கள். 14ஆம் நாளே தொடங்கினால் கேசியம் உருவாகியிருக்காது, விலை கொடுத்து வாங்கிய எலி பால்ப்/சியாகவே நடந்துகொள்ளும்.

பைராசினமைடும் இந்த எலியில் மாறுபடும். அது அமிலச் சூழலில்தான் வேலை செய்யும். மேக்ரோஃபேஜுக்குள் அந்த அமிலம் உண்டு. இந்த எலியின் கேசியத்தில் பிஎச் நடுநிலைக்கு அருகில் இருப்பதால் அங்கே உள்ள கிருமி தப்பும். உங்கள் முதல் குழுவில் பைராசினமைடு இருப்பதால், க்ராம்னிக் எலியில் அந்தக் குழு பலவீனமாகத் தெரிந்து இரண்டாம் குழு பொய்யாகப் பெரிதாகலாம். இதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பைராசினமைடு நமக்குக் கிடைத்ததே விலங்கால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நடுநிலை பிஎச் உள்ள சோதனைக் குழாயில் அது கிருமியைத் தொடவே இல்லை. 1950களின் தொடக்கத்தில் தொற்றிய சுண்டெலிக்குக் கொடுத்தபோதுதான் அதன் வேலை தெரிந்தது. குழாயை மட்டும் நம்பியிருந்தால் 6 மாதச் சிகிச்சை என்ற ஒன்றே வந்திருக்காது.

கினிப்பன்றி: கிரானுலோமா அழகாக வரும், ஆனால் மருந்துச் சோதனைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பரந்த வீச்சு நுண்ணுயிர்க் கொல்லி கொடுத்தால் அதன் குடல் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து, கிளாஸ்ட்ரிடியம் பெருகி, கழிச்சலில் சாகும். லாக்டோபசில்லஸ் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். தன் உடலில் வைட்டமின் சி செய்துகொள்ளாது. தீவனம் பழசாகி வைட்டமின் குறைந்தால் எடை இறங்கும், அதை நோய் என்று எண்ணிவிடுவோம். தடுப்பூசிக்கு அதுதான் சரியான விலங்கு.

உங்கள் திட்டத்துக்கு: பால்ப்/சியில் திரும்புதல் சோதனை முழுதாக; க்ராம்னிக் எலியில் ஒரே ஒரு காலப்புள்ளியில் சிறிய துணைச் சோதனை. இது போதும்.

---

முல்லைக்கொடி:

மூவருக்கும் நன்றி. வரைவை 15 எலி, கரித்தட்டு, 3 மாதக் காத்திருப்பு என்று மாற்றுகிறேன். மருந்து அளவாக ஐசோனியாசிட் 10, ரிஃபாம்பிசின் 10, பைராசினமைடு 150, பெடாகுவிலின் 25, பிரெட்டோமனிட் 100, லினசோலிட் 100 மி.கி./கிலோ என்று போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே கரைசலாகக் கலந்து ஒரே தடவையில் கொடுத்தால் எலிக்குத் தொந்தரவு குறையும் இல்லையா? வழக்கமான நான்காவது மருந்தான எத்தாம்புட்டால் இல்லாததை யாராவது குறையாகச் சொல்வார்களா?

---

மருந்துக்குடுவை:

கலக்க வேண்டாம், மேடம். ஐசோனியாசிட்டும் ரிஃபாம்பிசினும் ஒரே குழாயில் இருந்தால், அதிலும் அமிலச் சூழலில், ரிஃபாம்பிசின் சிதைந்து போகும். எலிக்குள்ளும் ஒன்று மற்றொன்றின் உறிஞ்சலைக் கெடுக்கும். காலையில் ரிஃபாம்பிசின் மட்டும். குறைந்தது 1 மணி நேரம் கழித்து மற்ற இரண்டும் சேர்த்து. இரண்டாம் குழுவுக்குப் பெடாகுவிலினும் பிரெட்டோமனிட்டும் காலையில் தனித்தனிக் கரைசலாக அடுத்தடுத்து, லினசோலிட் பிற்பகலில். பெடாகுவிலின் தண்ணீரில் கரையாது. அமிலமாக்கிய 20 விழுக்காடு ஹைட்ராக்சிபுரோபைல் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினில் கரைக்க வேண்டும். லினசோலிட்டை 0.5 விழுக்காடு மெதில்செல்லுலோஸில் மிதக்க விடலாம். ஒவ்வொரு எலிக்கும் முன் குழாயைக் குலுக்குங்கள்.

பைராசினமைடு கணக்கைப் பாருங்கள். 20 கிராம் எலிக்கு 150 மி.கி./கிலோ என்றால் 3 மி.கி. அதை 0.2 மி.லி.யில் கொடுக்க, கரைசல் 15 மி.கி./மி.லி. இருக்க வேண்டும். அதுதான் அதன் கரைதிறனின் விளிம்பு. 55 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்தால் கரையும். 4 டிகிரியில் வைத்து மறுநாள் எடுத்தால் அடியில் கற்கண்டுத் தூள் போலப் படிகம் நிற்கும். மேலே உள்ள தெளிவை மட்டும் உறிஞ்சிக் கொடுத்தால் அளவு பாதியாகக்கூட இருக்கலாம், யாருக்கும் தெரியாது. தினமும் சூடாக்கிக் கரைத்து, உடல் வெப்பத்துக்கு ஆறவைத்துக் கொடுங்கள்.

எலி 18 கிராமில் தொடங்கி 24 கிராமுக்கு வளரும். தொடக்க எடைக்குப் போட்ட 0.2 மி.லி.யையே 4 மாதம் கொடுத்தால் அளவு கால் பங்கு குறைந்திருக்கும். வாரம் ஒரு முறை கூண்டுச் சராசரி எடை எடுத்துத் திருத்துங்கள்.

கேவேஜ் இழப்பு முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம். முனை உருண்டையான 20 கேஜ் ஊசி. தடை தெரிந்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி நுழையுங்கள். இறந்த எலியைத் திறந்தால் மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் ரிஃபாம்பிசினின் செம்மஞ்சள் கறை இருந்தால் அது கேவேஜ் சாவு, நோய்ச் சாவு இல்லை. பதிவேட்டில் பிரித்து எழுதுங்கள்.

எத்தாம்புட்டால் சுண்டெலியில் கிருமியை ஒழிக்கும் வேகத்தைக் கூட்டுவதில்லை. மனிதருக்கு அது எதிர்ப்புத்திறன் உருவாகாமல் காப்பதற்காக. பல ஆய்வகங்கள் விட்டுவிடுகின்றன, காரணத்தை ஒரு வரி எழுதினால் போதும்.

எதிர்ப்புத்திறன் என்றதும் ஒன்று. நுரையீரலில் 7 லாக் கிருமி இருந்தால், ஐசோனியாசிட்டை எதிர்ப்பவை 10 லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில், மருந்து கொடுக்கும் முன்பே 10 கிருமியாவது இருக்கும். நோய் திரும்பிய ஒவ்வொரு எலியின் காலனியையும் எடுத்து மருந்துள்ள தட்டில் வளர்த்துப் பாருங்கள். பெடாகுவிலினுக்குக் கட்டாயம்.

இன்னொன்று, சுண்டெலி நச்சுத்தன்மையைச் சொல்லாது. நிக்ஸ் டிபி என்ற மனிதச் சோதனையில் இரண்டாம் குழுவின் இதே மூன்று மருந்தோடு 109 பேரில் 90 விழுக்காட்டினருக்கு நல்ல முடிவு கிடைத்தது, 2020இல் வெளியானது. ஆனால் தினம் 1200 மி.கி. லினசோலிட்டால் 81 விழுக்காட்டினருக்குக் கை கால் நரம்புப் பாதிப்பு வந்தது. எலி மேடையில் நடந்தால் அதன் பாதம் மரத்திருக்கிறதா என்று இந்த வகைச் சோதனையில் யாரும் பார்ப்பதில்லை. "பாதுகாப்பானது" என்ற சொல்லை எழுதவே வேண்டாம்.

---

பாலாறு:

தடுப்பூசிக் கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சி57பிஎல்/6 என்ற வகைச் சுண்டெலியில் பிசிஜி போட்டு 6 முதல் 8 வாரம் கழித்து 50 முதல் 100 கிருமி காற்றில் கொடுத்தால், 4ஆம் வாரம் நுரையீரலில் 0.7 முதல் 1 லாக் குறையும். ஊக்கத் தடுப்பூசி அதற்கும் கீழே 0.5 லாக் கொண்டுபோனால் அது நல்ல எண்தான், ஆனால் 4ஆம் வார எண் மட்டும் போதாது. பிசிஜியின் பயனே சில மாதத்தில் தேயும். 12ஆம் வாரமும் 20ஆம் வாரமும் எடுத்துப் பாருங்கள். பிசிஜியைத் தோலடியில் போட்ட எலியின் மண்ணீரலிலும் சில சமயம் நுரையீரலிலும் அந்தப் பிசிஜியே தங்கியிருக்கும், சாதாத் தட்டில் இரண்டு காலனியும் ஒரே மாதிரி இருக்கும். டிசிஎச் என்ற தயோஃபீன் சேர்மத்தை மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் சேர்த்தால் பிசிஜி வளராது, காசநோய்க் கிருமி வளரும். உலர் பிசிஜியைக் கரைத்தபின் வெளிச்சத்தில் வைக்காதீர்கள். ஊசி போட்டு முடித்த மிச்சத்தைத் தட்டில் ஊற்றி, உண்மையில் எத்தனை உயிர்க் கிருமி போனது என்று எண்ணி எழுதுங்கள். குப்பியின் அட்டையில் உள்ள எண்ணை அப்படியே எழுதுவது பெரும் பிழை.

இனி அந்த 0.5 லாக் மனிதருக்கு என்ன சொல்கிறது? எம்விஏ85ஏ என்ற ஊக்கத் தடுப்பூசியைப் பாருங்கள். விலங்குத் தரவோடு மனிதருக்குப் போய், தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளில் சோதித்து, 2013இல் முடிவு வந்தபோது பயன் 17.3 விழுக்காடு, புள்ளியியலில் பூஜ்யத்திலிருந்து பிரிக்க முடியாத எண். மறுபக்கம் எம்72/ஏஎஸ்01இ என்ற தடுப்பூசி: கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியாவில் ஏற்கெனவே கிருமி தொற்றியிருந்த பெரியவர்கள் 3,575 பேரில், 3 ஆண்டு முடிவில் பயன் 49.7 விழுக்காடு. அந்த மனிதர்கள் ஏற்கெனவே தொற்றியவர்கள். நம் எலிகளோ தடுப்பூசி போடும்போது கிருமியே பார்க்காதவை. இந்த வேறுபாட்டைச் சரிசெய்யாமல் எலியின் லாக்கை மனிதரின் விழுக்காடாக மாற்ற எந்தச் சூத்திரமும் இல்லை.

நம் பக்கத்துச் சான்று இதைவிட அழுத்தமானது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், ஏறக்குறைய 2,60,000 பேரோடு பிசிஜி சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை. 15 ஆண்டுத் தொடர்ச்சியிலும் அப்படியே. கினிப்பன்றியிலும் சுண்டெலியிலும் அதே பிசிஜி நன்றாகக் காக்கிறது. ஏன் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இரண்டை விலங்கிலேயே சோதிக்க முடிந்தது. மண்ணிலும் நீரிலும் உள்ள சாதுவான மைக்கோபாக்டீரியாக்கள் (காசநோய்க் கிருமியின் உறவினங்கள்) முன்பே உடலைப் பழக்கிவிட்டால் பிசிஜிக்குக் கூடுதலாகச் செய்ய இடமில்லை. கினிப்பன்றியில் 1960களில் இது காட்டப்பட்டது. பின்னாளில் சுண்டெலியில், முன்பே ஏவியம் என்ற வகை மைக்கோபாக்டீரியாவைப் பார்த்த உடலில் பிசிஜி பெருகவே முடியாமல் போவதும் தெரிந்தது. இரண்டாவது, கிருமியின் வகை. சென்னைச் சிகிச்சை மையத்தின் நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைக் கினிப்பன்றியில் செலுத்தி பிரிட்டன் ஆய்வாளர் டெனிஸ் மிச்சிசனின் குழு 1960இல் எழுதியது: தென்னிந்தியக் கிருமிகளில் பல, பிரிட்டன் கிருமிகளைவிடக் கினிப்பன்றியில் வீரியம் குறைந்தவை. மனிதரிடமோ அவை நோயை உண்டாக்கவே செய்தன.

எனவே என் வேண்டுகோள்: ஊக்கத் தடுப்பூசியை எச்37ஆர்வியோடு மட்டும் நிறுத்தாதீர்கள். அது காசநோய்க் கிருமியின் நான்காம் மரபு வழி. தமிழ்நாட்டில் மிகுதியாக இருப்பது முதல் மரபு வழி. உள்ளூர்க் கிருமி ஒன்றையும் வையுங்கள். எலிகளில் ஒரு பாதிக்குத் தடுப்பூசிக்கு முன் சுற்றுப்புற மைக்கோபாக்டீரியாவைப் பழக்குங்கள். அதிலும் 0.5 லாக் நின்றால் கினிப்பன்றிக்குப் போகலாம்.

அண்மையில் மிகக் குறைந்த அளவு, எலிக்கு 1 முதல் 3 கிருமி, கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. தொற்றே ஏற்படாமல் தடுக்கிறதா என்று அதில் பார்க்கலாம். ஆனால் சராசரி 1 கிருமி என்றால், தடுப்பூசியே போடாத எலிகளிலும் 37 விழுக்காட்டுக்குத் தற்செயலாகவே கிருமி போய்ச் சேராது. சராசரி 3 என்றால் அது 5 விழுக்காடு. இதைக் கணக்கில் எடுக்காமல் "பத்தில் நாலு எலிக்குத் தொற்றவில்லை" என்று மகிழக் கூடாது.

---

திசுவெட்டு:

பாலாறு சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பிசிஜி தோற்றது என்பதைவிட, போடும் வழி தோற்றது என்றும் பார்க்கலாம். 2020இல் ரீசஸ் குரங்குகளுக்கு அதே பிசிஜியை அதிக அளவில் நேராக இரத்த நாளத்தில் போட்டபோது 10இல் 9 காப்பாற்றப்பட்டன, 6இல் தொற்றின் தடயமே இல்லை. தோலில் போட்ட குரங்குகளில் அப்படி இல்லை. எனவே உங்கள் ஊக்கத் தடுப்பூசியை ஒரே வழியில் மட்டும் சோதித்துக் கைவிட வேண்டாம். தோலடி, மூக்கு வழி இரண்டும் வைத்துப் பாருங்கள்.

---

முல்லைக்கொடி:

இரண்டு வரைவையும் திருத்திக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: 3 மாதக் காத்திருப்புக்குப் பின் ஓர் எலியில் ஐந்து தட்டுகளையும் சேர்த்து ஒரே ஒரு காலனி வந்தால்? திரும்பியது என்பதா, தட்டுக்குத் தட்டு ஒட்டிய மாசு என்பதா?

---

அகார்தட்டு:

திரும்புச்சுன்னுதான் எழுதணும். முன்னாடியே எழுதி வைச்ச விதி அது, காலனியைப் பார்த்த பிறகு மாத்தக் கூடாது. ஆனா மாசு வராம இருக்க வழி இருக்கு. அறுவை நாள்ல கிருமி குறைவா இருக்கிற குழுவை முதல்ல எடுங்க, நிறைய இருக்கிறதைக் கடைசியா. மருந்தில்லா எலியும் காத்திருப்பு எலியும் ஒரே நாள்ல வேண்டவே வேண்டாம். அரைக்கிற குழாய் எலிக்கு ஒண்ணு, கழுவித் திரும்ப எடுக்காதீங்க. ஒவ்வொரு பத்து எலிக்கும் நடுவுல வெறும் உப்புக் கரைசலை அதே மாதிரி அரைச்சு ஊத்தி ஒரு வெற்றுத் தட்டு வைங்க. அந்த வெற்றுத் தட்டுல காலனி வந்தா அந்த வரிசை முழுக்கவே சந்தேகம். வரலைன்னா உங்க ஒத்தைக் காலனி எலியிலிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் காலனியை எடுத்து வளர்த்து, உறைய வைச்சுடுங்க. காசநோய்க் கிருமியைக் காட்டுற அமில நிலைச் சாயம் போட்டுப் பாருங்க, முடிஞ்சா மரபணு வரிசையும். 2 காலனி வந்த எலியையும் 2,000 வந்த எலியையும் "திரும்பியது"ன்னு ஒரே கட்டத்துல போட்டாலும், துணை அட்டவணையில ஒவ்வொரு எலியோட எண்ணிக்கையையும் தனித்தனியா கொடுங்க. படிக்கிறவங்க அதைத்தான் தேடுவாங்க.